மூன்று தடவை போட்டும் நிலவேம்பு முளைக்கவில்லை, விதை செத்துப்போச்சா?

6 மார்ச் 2022, ஈரோட்டிலிருந்து வந்த கேள்வி

பொங்கலுக்கு மாமியார் ஊருக்குப் போனபோது வேலியோரம் நின்ற நிலவேம்பில் காய் பறித்து வந்தேன். நன்றாக முற்றின காய்தான், கையில் எடுத்தாலே பட்டென்று வெடிக்கிறது. அந்த விதையை இதுவரை மூன்று தடவை போட்டாயிற்று. முதலில் தேங்காய் நார்க்கழிவில், அப்புறம் செம்மண்ணில், கடைசியாக மண்புழு உரம் கலந்து. ஒன்றுகூட வரவில்லை. பக்கத்துத் தொட்டியில் போட்ட துளசி காடாக நிற்கிறது. விதை செத்துப்போச்சா, இல்லை நிலவேம்பு விதையில் வராதா, குச்சி வெட்டித்தான் வைக்க வேண்டுமா? மொட்டை மாடித் தோட்டம், காலையில் நாலு மணி நேரம் வெயில் விழும்.

6 மார்ச் 2022, இரவு

செத்திருக்காது. துளசியோடு ஒப்பிடாதீர்கள், துளசி போட்ட இடத்திலெல்லாம் வரும், நிலவேம்புக்குக் கொஞ்சம் வீம்பு உண்டு. நான் செங்கோட்டைப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் இடம், அதில் ஏழெட்டு வருடமாக இந்தச் செடி நிற்கிறது, அந்த உரிமையில் சொல்கிறேன்.

விதையில்தான் வரும். குச்சியும் வேர் பிடிக்கும், ஆனால் காய்த்து முடித்ததும் காய்ந்துபோகிற செடிக்குக் குச்சி வைத்து என்ன லாபம்.

உங்களிடம் இரண்டு தப்பு நடந்திருக்கலாம். ஒன்று ஆழம். கடுகளவு விதை, விரலால் குழி போட்டு அமுக்கினால் அது மேலே வர வழியில்லை. மேலாகத் தூவி, சலித்த மண்ணை உப்புப் போடுகிற மாதிரி போட்டு விட்டால் போதும். இரண்டாவது தோல். விதைத்தோல் கெட்டி, தண்ணீர் சுலபத்தில் உள்ளே போகாது. வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் போடுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும், சந்தேகமே வேண்டாம்.

9 மார்ச் 2022

சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: கடையில் பாக்கெட்டில் வாங்கின நிலவேம்பு விதையை நான் சொன்னபடி ஊறவைத்தாராம், காலையில் பார்த்தால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழவென்று கூழ் மாதிரி கட்டியிருக்கிறதாம், இது முளைப்பதற்கு அறிகுறியா என்று.

தம்பி, அதில் கொஞ்சம் பாலும் நன்னாரி சர்பத்தும் ஊற்றிக் குடித்துவிடுங்கள். அது சப்ஜா, திருநீற்றுப்பச்சிலை விதை. ஜிகர்தண்டா பக்கத்தில் இருக்க வேண்டியது பாக்கெட் மாறி உங்களிடம் வந்துவிட்டது.

நிலவேம்பு விதை ஊறினாலும் கூழ் கட்டாது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், கடுகு மாதிரி உருண்டையாக இருக்காது, மூலை தட்டின சதுரம் மாதிரி இருக்கும், நகத்தில் உரசினால் சொரசொரக்கும். கறுப்பாக, பளபளப்பாக எது இருந்தாலும் அது வேறு ஏதோ. முளைத்த பிறகு சந்தேகம் வந்தால் அதற்குச் சோதனை மிக எளிது. நாலு இலை விட்டதும் ஒரு இலையில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வையுங்கள். அரைமணி நேரத்துக்குக் காபி ருசி தெரியாமல் போனால் நிலவேம்பு.

20 மார்ச் 2022

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழெட்டு வருடமாகச் செடி நிற்கிறது என்று பெருமையாக எழுதினேன் அல்லவா, இத்தனை வருடத்தில் நான் ஒரு விதைகூடக் கையால் போட்டதில்லை. முதல் செடி ஆச்சி வீட்டிலிருந்து வேரோடு வந்தது. அதற்குப் பிறகு தானாக வெடித்து, தானாக விழுந்து, சாரல் காலத்தில் தானாக முளைத்தது. நான் களையெடுக்கும்போது அதைப் பிடுங்காமல் விட்டேன், என் விவசாயம் அவ்வளவுதான். வெந்நீர் வைத்தியம் யாரோ சொல்லக் கேட்டது.

எழுதின பிறகு உறுத்தலாக இருந்ததால் இன்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஜனவரியில் எங்கள் செடியிலேயே எடுத்த விதை. நாலு தயிர் டப்பா, அடியில் ஓட்டை, ஆற்று மணல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கின சாணம் ஒரு பங்கு. டப்பாவுக்கு 50 விதை, கோணி ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன், கண் போய்விட்டது. முதல் டப்பாவில் அப்படியே போட்டது, இரண்டாவதில் இரவு முழுக்க ஊறவைத்தது, மூன்றாவதில் வெந்நீர் பார்ட்டி, நாலாவதில் இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே வைத்து லேசாகத் தேய்த்தது. நாலு டப்பாவும் கிணற்றடிச் சுவரோரம், ஒரே நிழல், ஒரே பூவாளி.

3 ஏப்ரல் 2022

பதினான்கு நாள் கணக்கு. அப்படியே போட்டது 2. ஊறவைத்தது 3. வெந்நீர் 11. உப்புத்தாள் 9.

நான் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது. 50-க்கு 11 ஒன்றும் பிரமாதமில்லை, ஆனாலும் 2-க்கும் 11-க்கும் வித்தியாசம் இருக்கிறதே.

4 ஏப்ரல் 2022

சாத்தூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார் கேட்டிருக்கிறார், வெந்நீர் என்றால் எத்தனை டிகிரி?

அளக்கவில்லை, சார். குளிக்க விளாவிய தண்ணீரைவிடக் கூடுதல், காபி போடும் தண்ணீரைவிடக் குறைவு. என் மனைவி விரலை விட்டு ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டாள், அந்தச் சூடு. 50 டிகிரிதான் சரியான அளவு என்றும் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கரு வெந்துவிடும் என்றும் அவர் சொல்கிறார். ஒத்துக்கொள்கிறேன். வெந்நீர் என்று நான் மொட்டையாக எழுதினதைப் பார்த்து யாராவது அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தில் போட்டிருந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

அவர் இன்னொன்றும் சொன்னார், விதைக்கு என்ன வயது என்று. ஜனவரியில் எடுத்தது, புதுசு, நல்ல விதை என்று பதில் போட்டேன். புதுசு என்பதுதான் வம்பு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். புரியவில்லை.

17 ஏப்ரல் 2022

முளைத்ததில் பாதி போய்விட்டது. நேற்று மாலை நேராக நின்ற நாற்று இன்று காலை மண்மட்டத்தில் நூல் மாதிரி இளைத்துச் சாய்ந்து கிடக்கிறது, இழுத்தால் வேர் இல்லாமல் கையோடு வருகிறது. நாற்றழுகல். பூச்சி இல்லை, எறும்பு இல்லை, என் கைதான். கோடை வெயிலுக்குப் பயந்து காலையும் மாலையும் ஊற்றினேன், அதிலும் மாலையில் ஊற்றினது ராத்திரி முழுக்க மேலேயே நின்றிருக்கிறது. தயிர் டப்பாவில் ஓட்டை சிறியது வேறு.

இதைப் படிக்கிறவர்களுக்கு, நிலவேம்பு நாற்றுக்குக் காலையில் மட்டும், பூவாளியில் மட்டும், மேல்மண் நிறம் மாறின பிறகு மட்டும் தண்ணீர். முளைக்கும் வரை மேலே வைக்கோலோ தென்னங்கீற்றோ மூடலாம், முளை கண்ணில் பட்ட அன்றே எடுத்துவிட வேண்டும், நான் இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று விட்டேன். நெருக்கமாக முளைத்தால் கலைத்து விடுங்கள், காற்றுப் புகாத இடத்தில்தான் இந்த அழுகல் பரவுகிறது. தப்பிப் பிழைத்தவை எல்லாம் ஓரமாகத் தள்ளி முளைத்த தனியாட்கள்.

முளைக்காமல் கிடந்த இரண்டு டப்பா மண்ணைக் கிணற்றடியில் இருந்த பழைய பெயின்ட் வாளியில் கொட்டிவிட்டேன். அதில் மிளகாய் நாற்று நடப்போகிறாள் வீட்டம்மா.

18 ஏப்ரல் 2022

ஈரோட்டிலிருந்து செய்தி. வெந்நீர் வைத்தும் மூன்றுதான் வந்ததாம், அதையும் குருவி கொத்திவிட்டதாம். மிச்ச விதையைக் குப்பையில் போடவா என்கிறார். இருக்கட்டும், ஒரு விபூதி டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள், பணமா கேட்கிறது.

24 ஜூலை 2022

மேலே நான் எழுதினதில் பாதியை அடித்துவிடுங்கள்.

ஆனிக் கடைசியில் சாரல் பிடித்தது. பதினைந்து நாளாக விட்டு விட்டுத் தூறல், குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது, எங்கள் வீட்டுத் துணி காயவில்லை. போன ஞாயிறு கிணற்றடிக்குப் போனால், அந்தப் பெயின்ட் வாளியில் மிளகாய்ச் செடியைச் சுற்றிப் பச்சை விரிப்பு மாதிரி நாற்று. களை என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். எதிரெதிராக இலை, தண்டைத் தொட்டால் நாலு பட்டை தெரிகிறது. ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். காபி ருசி போச்சு.

அப்படியே போட்டது, வெறும் தண்ணீரில் ஊறவைத்தது, செத்த விதை என்று ஏப்ரலில் நான் கைகழுவின இரண்டு டப்பா மண் அது. எண்ணிப் பார்த்தேன், 58 நாற்று. நூறு விதையில் ஐந்து முன்பே முளைத்துவிட்டது, மிச்சம் 95-ல் 58. வெந்நீர் இல்லை, உப்புத்தாள் இல்லை, மிளகாய்க்கு ஊற்றின தண்ணீரும் மழையும்தான்.

அன்றைக்கே டப்பாவில் மிச்சமிருந்த ஜனவரி விதையை எடுத்து மறுபடியும் ஐம்பது ஐம்பதாகப் போட்டேன். இன்று காலையோடு ஏழு நாள்தான் ஆகிறது. அப்படியே போட்டது 31. வெந்நீரில் போட்டது 33, இந்தத் தடவை தெர்மாமீட்டர் வாங்கி 50 டிகிரி அளந்து போட்டது. இரண்டு விதை வித்தியாசத்துக்காக அடுப்பு பற்றவைக்க வேண்டியதில்லை.

புதுசு என்பதுதான் வம்பு என்று சாத்தூர் வாத்தியார் சொன்னது இதைத்தான். காயிலிருந்து விழுந்த உடனே முளைக்காமல் இருப்பதுதான் இந்த விதையின் புத்தி. காய் வெடிப்பது மார்கழி, தையில். அப்போதே முளைத்தால் நாற்று பங்குனி சித்திரை வெயிலில் கருகிவிடும். அதனால் அது உறங்கிக் கிடக்கிறது, மழை வருகிற வரைக்கும். தோல் கெட்டி என்பதும் உண்மைதான், வெந்நீரும் உப்புத்தாளும் உறங்குகிற ஆளைத் தண்ணீர் தெளித்து எழுப்புகிற மாதிரி, சிலது எழுந்திருக்கும். உறக்கம் தீர்ந்த பிறகு யாரும் எழுப்ப வேண்டாம்.

ஈரோட்டில் அந்த விபூதி டப்பா இன்னும் இருக்கிறதா? இருந்தால் இப்போது போடுங்கள். சந்தேகமே வேண்டாம் என்று இந்தத் தடவை எழுத மாட்டேன்.

25 ஜூலை 2022

வாத்தியார் விடமாட்டேன் என்கிறார். மார்ச்சில் போட்டபோது உச்சி வெயில், ஜூலையில் போட்டபோது சாரல். விதைக்கு வயது ஆனதால் முளைத்ததா, இல்லை குளிர்ச்சியான காற்றுக்கு முளைத்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள் என்கிறார்.

பிரிக்க முடியாதுதான். நியாயமான கேள்வி. பழைய விதையும் புது விதையும் ஒரே நாளில் போட்டால்தான் தெரியும், அதற்கு அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். இந்த விதையில் ஒரு பிடி மடித்துத் தேதி எழுதி வைத்துவிட்டேன்.

7 ஆகஸ்ட் 2022

ஈரோட்டில் முளைத்துவிட்டது. மொத்தம் எத்தனை போட்டார் என்று எண்ணவில்லை, முளைத்தது நாற்பதுக்கு மேல். போட்டோ பார்த்தேன், குருவிக்குப் பயந்து மேலே கொசுவலை கட்டியிருக்கிறார்.

நடுவது பற்றிக் கேட்டிருக்கிறார். விதைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் போகட்டும், நாலு ஜோடி இலை வரட்டும். அப்புறம் மாலை வேளையில் பிடுங்கி நடுங்கள். தரையில் என்றால் வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி அரையடி. மாடியில் பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு செடி தாராளம். மூன்று நாள் வாடி நிற்கும், பயப்பட வேண்டாம், நாலாம் நாள் நிமிர்ந்துவிடும். கொஞ்சம் நிழல் விழுந்தாலும் கோபித்துக்கொள்ளாத செடி, எங்கள் முருங்கை அடியில் நிற்பவை வெயிலில் நிற்பவற்றைவிட உயரம்.

14 ஆகஸ்ட் 2022

பேச்சு பாம்புப் பக்கம் திரும்பிவிட்டது. இதைச் சிறியாநங்கை என்று சொல்லி வாசலில் வைத்தால் பாம்பு அண்டாது, கீரி பாம்போடு சண்டை போட்டுவிட்டு வந்து இதில்தான் புரளும் என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரிலும் சொல்வார்கள். ஆச்சி வீட்டில் வாசலுக்கு இரண்டு பக்கமும் வைத்திருந்தது இதற்காகத்தான்.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு நிலவேம்புப் பாத்திக்கு நடுவிலேயே ஆறடிச் சாரை ஒன்று சட்டை உரித்துப் போட்டுவிட்டுப் போனது. அதற்கு யாரும் இந்தச் செய்தியைச் சொல்லவில்லை போலிருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள், அழகான செடி, ஆனால் யாரையாவது பாம்பு கடித்தால் இலையை அரைத்துக்கொண்டு உட்காராமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

பெயரிலும் குழப்பம் இருக்கிறது. நிலவேம்பு என்கிறோம், வேப்பமரத்துக்கும் இதற்கும் கசப்பு ஒன்றைத் தவிர உறவு இல்லை. இதன் சொந்தக்காரர்கள் ஆடாதோடை, கனகாம்பரம், நீர்முள்ளி, அப்புறம் நாம் சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட பட்டாசுக்காய். அந்தக் குடும்பத்துக்கே வெடிக்கிற பழக்கம் உண்டு. பட்டாசுக்காய் நனைந்தால் வெடிக்கும், நிலவேம்பு காய்ந்தால் வெடிக்கும்.

21 ஆகஸ்ட் 2022

ஒரு ஏக்கரில் போடலாமா, ஒரு கம்பெனி விதையும் தந்து விளைச்சலைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

விதைக் கணக்கை மட்டும் பாருங்கள். நாற்றங்காலில் விட்டு நட்டால் ஒரு ஹெக்டேருக்கே 400 கிராம் விதை போதும். ஏக்கருக்குக் கிலோக்கணக்கில் விதை வாங்கச் சொல்கிறவர் செடி விற்கிற வியாபாரத்தில் இல்லை, விதை விற்கிற வியாபாரத்தில் இருக்கிறார். என் சித்தப்பா வேறொரு மூலிகையில் இப்படி ஏமாந்தவர், வாங்க வருவதாகச் சொன்னவர்களின் போன் அறுவடை மாதத்தில் அணைந்துவிட்டது. பெரிய அளவில் போடுவதென்றால் லக்னோவில் இருக்கும் சீமாப் என்ற மூலிகைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சிம்-மேகா மாதிரி ரகம் இருக்கிறது, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் மூலிகைப் பயிர்களுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். ஆறு சென்ட்காரனிடம் ஏக்கர் கணக்குக் கேட்காதீர்கள்.

9 அக்டோபர் 2022

பூக்க ஆரம்பித்துவிட்டது. சின்னப் பூ, வெள்ளை, உதட்டில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் கீறல், குனிந்து பார்க்காவிட்டால் தெரியாது.

ஈரோட்டுக்கு இப்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது. மருந்துக்கு வெட்ட வேண்டியது இப்போது, பூ தொடங்குகிற சமயத்தில். இலையில் கசப்புச் சத்து, அந்த ஆண்ட்ரோகிராபோலைடு, அதிகம் இருப்பது இந்த நேரத்தில்தான். காய் பிடித்து முற்றினால் குறைந்துவிடும், இலையும் சிவந்து உதிர்ந்துவிடும். விதை வேண்டுமென்றால் முற்ற விட்டே ஆக வேண்டும். ஆகவே நல்ல மருந்தும் நல்ல விதையும் ஒரே செடியில் கிடைக்காது. கடைகளில் வருகிற விதை ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று படுகிறது. மருந்துக்கு வெட்டின செடியைக் களத்தில் உலர்த்தும்போது அடியில் உதிர்வதைக் கூட்டி அள்ளினால் அதில் பாதி பிஞ்சாகத்தானே இருக்கும்.

ஆச்சி ஞாபகம் வந்தது. அறுக்கும்போது வேலி மூலையில் இரண்டு செடியைத் தொட விடமாட்டாள். ஏன் என்று கேட்டால் அது பேச்சியம்மனுக்கு என்பாள். நான் நம்பினேன், அம்மனுக்கு எதற்குக் கசப்பு என்று மட்டும் சந்தேகம் இருந்தது. விதைக்கு விட்டது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் பிடுங்கிவிடும் என்று தெரிந்துதான் சாமி பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

வெட்டும்போது தரையிலிருந்து நாலைந்து அங்குலம் விட்டு வெட்டுங்கள், மறுபடி துளிர்க்கும். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் ஒரே நாளில் வைக்கோல் நிறம் வந்துவிடும்.

11 அக்டோபர் 2022

உலர்ந்த இலையைக் கொதிக்கவைத்தால் அதுதான் நிலவேம்புக் குடிநீர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 2012 டெங்கு சமயத்தில் அரசு கொடுத்தது ஒன்பது சரக்கு சேர்ந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. பெயர்தான் நிலவேம்பு, கூட்டத்தில் அது ஒரு ஆள். வீட்டில் செடி இருக்கிறது என்பதற்காகத் தினமும் காய்ச்சிக் குடிக்கிற விஷயமும் இல்லை, கர்ப்பிணிகள் நிச்சயமாகத் தொடக்கூடாது, மற்றவர்களும் சித்த மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். இதைக் குடித்தால் மலட்டுத்தன்மை வருமா என்று 2017-ல் கிளம்பின சண்டையை யாரோ மறுபடி ஆரம்பித்திருக்கிறார், நான் வரவில்லை, நான் விதை போடுகிறவன்.

8 ஜனவரி 2023

காய் சேகரிப்பு. இதில் நான் பட்டது தனிக்கதை.

காய் ஒரு அங்குலத்துக்கும் குறைவு, தட்டையான குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. காய்ந்து இரண்டாகப் பிளக்கும்போது அந்தக் கொக்கி கவண் மாதிரி விதையை எறிந்துவிடும். பச்சையாகப் பறித்தால் விதை பிஞ்சு, முழுக்கப் பழுப்பாகட்டும் என்று காத்திருந்தால் செடியில் வெறும் கூடுதான் மிச்சம். பச்சை போய் மஞ்சள் ஏறிப் பழுப்பு எட்டிப் பார்க்கிற பக்குவத்தில், பனி ஈரம் இருக்கும்போதே காலை ஏழு மணிக்குள் கிளையோடு வெட்ட வேண்டும். பத்து மணி வெயிலில் போனால் கை பட்டதும் சுட்டுவிடும்.

இவ்வளவும் தெரிந்து, காலையில் அழகாக வெட்டி, முறத்தில் பரப்பித் திண்ணையில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். மதியம் வந்தால் டிக் டிக் என்று சத்தம், செய்தித்தாளில், சுவரில், சைக்கிள் மட்கார்டில். முறத்தில் கால்வாசி விதை இல்லை. திண்ணையைக் கூட்டி அள்ளினதில் விதை கொஞ்சம், மிச்சம் தூசி, ஒரு சட்டைப் பொத்தான். பழைய வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும். உள்ளேயே வெடித்து உள்ளேயே கிடக்கும், அப்புறம் உதறிப் புடைத்து எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் அப்படித்தான் செய்தேன்.

5 மார்ச் 2023

வாத்தியாருக்காக. பிப்ரவரி 12 அன்று போட்டேன். ஒரே மண், ஒரே நாள், ஒரே சுவரோரம். ஒரு டப்பாவில் இந்த ஜனவரி விதை 50, இன்னொன்றில் தேதி எழுதி மடித்து வைத்த போன ஜனவரி விதை 50. எதற்கும் வெந்நீர் இல்லை.

மூன்று வாரம் ஆகிறது. பழசு 27. புதுசு 1.

சாரல் இல்லை, குளிர்ச்சி இல்லை, இரண்டுக்கும் ஒரே வெயில்தான். ஆகவே வயதுதான், சார். போன வருடம் 31 வந்தது இப்போது 27 ஆகியிருக்கிறது, அது விதை கிழடாவதா, இல்லை என் எண்ணிக்கைக் கோளாறா என்று கேட்பீர்கள். 50 விதையை வைத்துக்கொண்டு அந்த நாலுக்குப் பதில் சொல்ல முடியாது.

6 மார்ச் 2023

ஈரோட்டில் இந்தத் தடவை இரண்டு செடியை வெட்டாமல் விட்டாராம், விதையும் எடுத்தாயிற்றாம். இப்போதே போடட்டுமா என்று கேட்கிறார். ஒரு வருடமாக நான் என்னத்தை எழுதிக்கொண்டிருந்தேன்! ஆடி வரைக்கும் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். அவசரமென்றால் மட்டும் 50 டிகிரித் தண்ணீர், ஐந்து நிமிடம், பத்தில் இரண்டு வந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

19 மார்ச் 2023

புது விதை டப்பா இன்னும் 1-லேயே நிற்கிறது. இந்தத் தடவை மண்ணைக் கொட்டவில்லை. டப்பா மேல் மார்க்கரில் தேதி எழுதி, உள்ளே 49 பேர் உறங்குகிறார்கள் என்றும் எழுதிக் கிணற்றடியில் வைத்திருக்கிறேன். வீட்டம்மா நேற்று கொத்தமல்லி போட இடம் தேடிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனாள், டப்பாவை எடுத்து மோட்டார் ரூம் மேலே வைத்துவிட்டேன்.